அக்கா தூக்கிய எட்டு கிலோ

எடை விஷயத்தில் என் அக்கா பிரேமலதா யாரையும் நம்பமாட்டாள். எஹலியகொடையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நஜீப் நானாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். பத்துக் கிலோ அரிசி வாங்குவாள். பையைக் கையில் தூக்கி இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பாள். பிறகு கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"இது பத்து கிலோவா நானா? நான் தெனமும் எட்டு கிலோ பால் தூக்குறவ. எங்கிட்டயேவா?"

பாவம் அந்த மனுஷன், பையை மறுபடி தராசில் வைத்துக் காட்டுவார். முள் பத்தில் நிற்கும்.

"தராசு உங்களோடதுதானே, அது உங்க பேச்சத்தான் கேக்கும்" என்பாள் அக்கா.

"வல்லாஹி, ஒரு கிராம் கொறையாது தங்கச்சி" என்று அவர் நெஞ்சில் கை வைப்பார். நோன்பு மாதத்தில்கூட அவரை அவள் விட்டதில்லை. நானும் எத்தனையோ தடவை அந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன். பாரத்தைக் கணக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, அந்தச் சண்டையில் யார் பக்கம் பிழை என்று ஒரு நாளாவது யோசிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பால் என்றால் ரப்பர் பால். எஹலியகொடைக்கும் குருவிட்டைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் தோட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குப் பால்வெட்டுத்தான் வேலை. விடியும்போது மலையேறி, முந்நூறு மரத்தின் பட்டையைக் கத்தியால் சீவிவிட்டு, பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருக்கும் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, கீழே இருக்கும் பால் ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். அக்கா பதினெட்டு வயதில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் வெட்டிய பாலில்தான் நான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து, அங்கேயே ஆய்வுகூடத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். லயத்தில் என்னை "எஞ்சினியர் துஷ்யந்தி" என்பார்கள். அக்காவுக்கு மட்டும் நான் "ஏய்".

இரண்டு வருடத்துக்கு முன்னால் வைகாசிக் காற்றில் ஒரு ரப்பர் மரம் பாதியில் முறிந்து அக்காவின் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எம் மலைய யாருக்குக் குடுத்தாங்க?" அவள் சொன்ன மலை, அவளுக்கென்று ஒதுக்கியிருந்த அந்த முந்நூறு மரம். வேறு எதையும் கேட்கவில்லை. அழவும் இல்லை. எனக்குத்தான் நர்ஸ் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

இலவசமாக ஒரு செயற்கைக் கால் கிடைத்தது. நல்ல கால்தான், தார் ரோட்டில் நடப்பவர்களுக்கு. எங்கள் மலையில் தார் ரோடு ஏது? ஈரப் புல்லிலும் கல்படியிலும் அது வழுக்கியது, கனத்தது, மூன்றாம் நாள் அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இத மாட்டிக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போகலாம். வேலைக்குப் போக முடியாது" என்றாள்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். "நான் செஞ்சு தர்றேன்க்கா."

என் வேலையே அதுதான். எலும்பும் மூட்டும் எவ்வளவு பாரம் தாங்கும், அவற்றுக்குப் பதிலாக வைக்கும் உலோகம் எவ்வளவு தாங்கும் என்று கம்பியூட்டரில் கணக்குப் போடுவது. ஒரு பொருளைத் திரைக்குள்ளேயே லட்சம் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வோம். மேலிருந்து இவ்வளவு பாரம் வைத்தால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு அமுக்கும், எவ்வளவு இழுக்கும் என்று கம்பியூட்டர் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கும். அதிகம் அழுந்துகிற இடம் சிவப்பாகத் தெரியும், சும்மா இருக்கிற இடம் நீலமாகத் தெரியும். அதற்கு அடுத்த படி இன்னும் கெட்டித்தனமானது. நீலமாக இருக்கிற இடத்தில் உலோகம் எதற்கு என்று கம்பியூட்டரே அதைச் சுரண்டி எடுத்துவிடும். மிஞ்சுவது தேவையான எலும்பு மட்டும். அக்காவின் கணுக்கால் துண்டை அப்படித்தான் செய்தேன். அலுமினியம், உள்ளங்கையில் அடங்கும், ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக்கூடக் கனமில்லை.

ஆனால் கம்பியூட்டர் நாம் சொன்னதைத்தான் நம்பும். எவ்வளவு பாரம் என்று நாம் சொல்ல வேண்டும். அக்காவின் எடை கிளினிக் கொப்பியில் இருந்தது, ஐம்பத்தொரு கிலோ. சுமைக்காக அவளுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, மலையிலருந்து எறங்குறப்ப எத்தன கிலோ தூக்குவ?"

"என்னாடி புதுசா கேக்குற? எட்டு கிலோ. நல்லா பால் ஓடுற நாள்ல ஒம்போது."

நான் ஒன்பது என்றே போட்டேன். கூடப் போட்டால் பாதுகாப்புத்தானே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஐம்பத்தொன்றும் ஒன்பதும் அறுபது. செயற்கைக் கால்களில் அறுபது கிலோ வரைக்கும் ஒரு வகை, எண்பது வரைக்கும் ஒரு வகை என்று இருக்கிறது. அறுபதுக்குள் அடங்கிவிட்டால் துண்டு லேசாக இருக்கும், வெட்டிய காலில் புண் வராது. அடங்கிவிட்டது. ஆய்வுகூடத்து மெஷினில் வைத்து அறுபதுக்கு உரிய சோதனையும் செய்தோம், பாஸ். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். டொக்டர் பார்த்து மாட்டிவிட்டார். கணக்குப்படி அந்தத் துண்டு மூன்று வருடம் உழைக்க வேண்டும்.

தோட்டத்துத் தொரை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக்காலோடு மலையேற்றிவிட்டு யார் பதில் சொல்வது என்றார். அக்கா அவர் ஒபிஸ் வாசலில் நான்கு நாள் போய் நின்றாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இருபத்து நான்கு நாள், ஒவ்வொரு நாளும் மற்றவர்களைப் போல எட்டுக் கிலோ குறையாமல் கொண்டுவந்தால் அவள் மலை அவளுக்கே. ஒரு நாள் குறைந்தாலும் பால்வெட்டில் பேர் இல்லை, புல்வெட்டுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அக்காவுக்கு அந்த மலைதான் எல்லாம். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொரு நாள் முடித்திருந்தாள்.

இருபத்திரண்டாவது நாள் நான் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். அவள் படியிறங்கி வருவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் காட்ட வேண்டும் என்று ஆசை. உண்மையைச் சொன்னால், பெருமையடிக்கத்தான்.

பத்தரை மணிக்குப் பால் ஸ்டோர் வாசலில் நின்றேன். தோட்டத்து ஃபீல்ட் ஒபிசர், நாங்கள் மாத்தயா என்று கூப்பிடும் சிங்களக்காரர், மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் பாலை இருபத்தொரு நாளும் அவரே முன்னால் இருந்து எழுதியவர். ஸ்டோர் கிளார்க் கஜேந்திரன் அளவு கம்போடு நின்றான். மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பால்வெட்டுக்காரர்களுக்கு மழையைப் போல எதிரி கிடையாது. சிரட்டையில் தண்ணீர் விழுந்தால் அன்றைய உழைப்பு மண். கறுப்பைக் கண்டதும் எல்லோரும் அவசர அவசரமாகப் பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்குவார்கள்.

முதலில் வந்தவள் அக்காவின் பக்கத்து மலைக்காரி மூக்காயி. மூச்சு வாங்க வந்து நின்றவளிடமிருந்து ஒரு வாளியை நான் வாங்கினேன். திண்டில் தூக்கி வைக்க முடியவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் வைத்தேன்.

"எஞ்சினியரம்மாவுக்கு கை நோகுதோ" என்று சிரித்தாள் மூக்காயி.

கஜேந்திரன் இரண்டு வாளியிலும் கம்பை விட்டு அளந்தான். "இருபத்திரண்டரை லீட்டர்." பிறகு கொஞ்சம் பாலை ஊற்றி எடுத்து அதில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டான். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று காட்டுகிற மீட்டர் அது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தான். "ஏழு புள்ளி எட்டு" என்று சத்தமாகச் சொன்னான். மாத்தயா ஏழு புள்ளி எட்டு என்று எழுதினார்.

நான் எட்டி அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன்.

புத்தகத்தில் எழுதுவது காய்ந்த ரப்பரின் கணக்கு. தண்ணீர் போக, ஷீட்டாக அடித்து உலர்த்தினால் மிஞ்சுகிற கணக்கு. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை அந்த மீட்டரைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து "இன்னைக்கு எத்தன கிலோ" என்றால் அந்தக் கணக்குத்தான். ஆய்வுகூடத்தில் வேறு யார் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாலும் ஒரு வாளிப் பாலை நிறுத்துப் பார்த்திருப்பார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை. எனக்கு எல்லாம் தெரியும். அதனால் கேட்டதை அப்படியே எழுதினேன்.

எட்டுக் கிலோ காய்ந்த ரப்பர் என்றால் இருபத்தைந்து லீட்டர் பால். வாளியும் சேர்த்தால் இருபத்தேழு கிலோ. அக்காவோடு எழுபத்தெட்டு. நான் அறுபதுக்கு மேல் ஒரு இழை உலோகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் சுரண்டச் சொல்லி எடுத்திருந்தேன். உலோகம் ஒரே நாளில் உடையாது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைக்கும். பாரம் கால் பங்கு கூடினால் அதன் ஆயுள் கால் பங்கு குறையாது, பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மூன்று வருடம் எண்பது, தொண்ணூறு நாளாகிறது. அதோடு அக்கா பெரிய வாளியை எப்போதும் இடது கையில்தான் பிடிப்பாள். முழுப் பாரமும் அந்தக் கணுக்காலைப் பக்கவாட்டில் வளைக்கும். அதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முப்பது நாளுக்கும் கீழே.

இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.

"அக்கா எங்க?" என்று மூக்காயியின் கையைப் பிடித்தேன்.

"மேல படிக்கட்டுகிட்ட வந்துட்டா. மழைக்கு முந்தி எறங்கணும்னு ஓட்டமா வர்றா. என்னாடி மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

ஓட்டமா வர்றா. அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா மலைக்குப் போன் கொண்டுபோவதில்லை, கொண்டுபோனாலும் அங்கே சிக்னல் இல்லை. ஸ்டோரிலிருந்து அவள் மலைக்கு நூற்று நாற்பது கல்படி. வெள்ளைக்காரன் காலத்துப் படி, பாசி பிடித்தது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளத்தில் ஓடை. அந்தப் படியில் இரண்டு கையிலும் வாளியோடு வருகிறவளின் கால் முறிந்தால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. ஏற ஏற எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். ரோட்டு மாடன் முதல் சமன் தெய்யோ வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

பாதி ஏறியபோது மேலே திருப்பத்தில் அவள் தெரிந்தாள். இடது கையில் பெரிய வாளி, வலது கையில் சின்ன வாளி. உடம்பை வலது பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் முதலில் இடது காலைத்தான் வைத்தாள். நான் செய்த காலை.

"அக்கா நில்லு! அப்படியே நில்லு!"

"என்னாடி, பாம்பா?"

"பாம்பு இல்ல. வலது கால்ல நில்லு. வாளிய கீழ வையி."

"மழ வருதுடி, வழிய விடு."

"வைக்கச் சொல்றேன்ல!"

நான் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் நின்றாள். வாளிகளைப் படியில் வைத்தாள். நான் பக்கத்தில் போய் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்தேன்.

"காலு தாங்காதுக்கா. நான் தப்பா எழுதிட்டேன். நீ எட்டு கிலோன்னு சொன்ன, நானும் அதையே போட்டேன். அது காஞ்ச கணக்கு. நீ தூக்குறது அதுல மூணு மடங்கு."

"என்னா ஒளர்ற? இருபத்தியொரு நாளா தாங்குச்சில்ல?"

"சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

அவள் ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, கேக்குறேன்ல."

"மூணு நாளா படியில எறங்குறப்ப டிக்கு டிக்குங்குது" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கழட்டிக்கிட்டுப் போயிருவ. மலையேறுறதுக்கு முந்தி என்னமோ திருகாணிய மாத்துறேன்னு கொண்டுபோயி பதினோரு நாள் வச்சிருந்த. இன்னும் ரெண்டே நாளு துஷி. அதுக்கப்புறம் நானே ஒங்கிட்ட குடுத்திருப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்துவிடுவேன்போல இருந்தது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி. அவள் காலைக் கழற்றினேன். கணுக்கால் துண்டைத் திருப்பிப் பார்த்ததும் என் கண்ணுக்கு அது தெரிந்தது. தினமும் வாளியிலிருந்து சிந்திய பால் விரிசலுக்குள் இறங்கிக் காய்ந்து, ஒரு வெள்ளைக் கோடு. மூன்று பக்கம் சுற்றி வந்திருந்தது. நான்காவது பக்கம்தான் இதுவரைக்கும் அவளைத் தாங்கியிருக்கிறது.

அக்காவும் பார்த்தாள். அவள்தான் எதையும் லேசில் நம்பமாட்டாளே.

"ஒரு கோடுதானே. இன்னும் நூறு படி தாங்கும். அந்தா ஸ்டோரு தெரியுது. குடு இங்க."

நான் அந்தக் காலைப் படியின் விளிம்பில் சாய்த்து வைத்து, என் பாதத்தை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். முழுப் பலத்தையும் போடவில்லை. பட்டென்று முறிந்து, பாதம் இரண்டு படி உருண்டு நின்றது.

கீழே பள்ளத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. அக்கா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.

அக்காவுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. "ஏய், பாலு! ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் மீட்டரு எறங்கிரும்." தோளில் மழைக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் சீலையை உருவி, பல்லால் கிழித்து, இரண்டு வாளி வாயையும் மூடிக் கட்டினாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தூக்குவியா?"

தூக்கினேன். எட்டுக் கிலோ என்று நான் எழுதிய அதே சுமை. பத்துப் படியில் விரல் மரத்துப்போனது, இருபதில் முதுகு இழுத்தது. அக்கா முறிந்த காலை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் ஒவ்வொரு படியாகச் சறுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. கடைசி முப்பது படி இருக்கும்போது பாசியில் என் கால் வழுக்கிப் போயே போய்விட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனையுமில்லை. பெரிய வாளி கையைவிட்டு நழுவிச் சாய்ந்தது. கீழே இருந்த அக்கா காலை எறிந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாளியின் அடியைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சீலைக்கு வெளியே ஒரு கை அளவு பால்தான் சிந்தியது.

"கண்ணு எங்கடி இருக்கு ஒனக்கு" என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் நான் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் ஒட்டுப்பால் நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து வந்து அதில் நிறுப்பார்கள். வாளிப் பாலை அதில் யாரும் வைத்ததில்லை, வைக்க அவசியமும் இல்லை. நான் இரண்டு வாளியையும் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்.

"ஏய், அது ஒட்டுப்பாலுக்கு" என்றான் கஜேந்திரன்.

முள் ஆடி ஆடி இருபத்தேழுக்கு மேல் நின்றது. அதற்குள் பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள். மூக்காயி குனிந்து முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள்.

மாத்தயாதான் முதலில் பேசினார், சிங்களத்தில். பால் அவளுடையதாக இருக்கலாம், ஆனால் கொண்டுவந்தது தங்கச்சி. கால் உடைந்துவிட்டது. தொரையிடம் என்னவென்று சொல்வது? இன்றைக்கு எப்படிப் பேர் போடுவது?

அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் பேனாவை மூடிவைத்துவிட்டார். இருபத்தொரு நாள் அந்த மூடியோடு போய்விட்டது என்று நினைத்தேன். என்னால்தான், நான் எழுதிய ஒரு எண்ணால்தான். அக்காவைப் பார்த்தேன். அவள் பார்வை இன்னும் தராசின் முள்ளில்தான் இருந்தது.

மூக்காயி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போனாள்.

"மாத்தயா, அந்தப் பொத்தகத்த கொஞ்சம் காட்டுங்க. இங்க பேரு இருக்கு. இங்க லீட்டரு. இங்க காஞ்ச கிலோ. யாரு தூக்குனதுன்னு எழுதுறதுக்கு எடம் எங்க இருக்கு?"

மாத்தயா புத்தகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு தூக்குறோம்னு எழுதவே இத்தன வருஷமா எடமில்ல. இப்ப மட்டும் யாரு தூக்குனதுன்னு எதுக்குங்க? மரத்த வெட்டுனவ அவதான். தொர கேட்டது எட்டு கிலோ. அளந்து பாருங்க. இருந்தா எழுதுங்க. நாளைக்கும் நாளான்னைக்கும் அவ ஊனுகோல வச்சிக்கிட்டு வெட்டுவா, நாங்க ஆளுக்கொரு வாளி தூக்கிட்டு வருவோம்."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "தூக்குவோம்" என்றாள்.

மழை தகரத்தில் கொட்டியது. மாத்தயா கஜேந்திரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் கம்பை விட்டான். இருபத்தைந்து லீட்டர். மீட்டரை மிதக்கவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விழுந்திருந்தாலும் போச்சு.

"எட்டு புள்ளி ஒண்ணு."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா பேருக்கு நேரே எட்டு புள்ளி ஒன்று என்று எழுதினார்.

சொன்னபடியே அடுத்த இரண்டு நாளும் அக்கா ஊன்றுகோலோடு மரத்துக்கு மரம் போய் வெட்டினாள், மூக்காயியும் மற்றவர்களும் பாலைச் சுமந்தார்கள். எட்டு குறையவில்லை. மலை அவளுடையதாயிற்று. நான் ஆய்வுகூடத்துக்குப் போய் பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எண்பது கிலோ வகைக்குப் புதுத் துண்டு, பாரம் இடது பக்கம், ஈரப் படியிறக்கம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட ஆரம்பித்தேன். புதுக் கால் வரும்வரை அவள் மலையை மூக்காயி பார்த்துக்கொள்ள மாத்தயாவே ஒழுங்கு செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை எஹலியகொடைக்குக் கூட்டிப்போனாள். நஜீப் நானா கடையில் வழக்கம்போலப் பத்துக் கிலோ அரிசி கேட்டாள். அவர் தராசில் வைத்தார். அக்கா முள்ளைப் பார்க்கவில்லை. பையைத் தூக்கி ஆட்டிப் பார்க்கவுமில்லை.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு சண்ட இல்லயா?" என்றார் நானா, பாதிப் பயத்தோடு.

"இல்ல நானா. ஒங்க தராசு சரி." ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தாள். "எந்தக் காலத்துலயும் சரியாத்தான் இருந்திருக்கு. நான் தூக்குனதுதான் எட்டு இல்ல. இருபத்தேழு."

நானாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"எட்டு கிலோதானே தூக்குறோம், அதுக்குப் போயி இந்த இடுப்பு ஏன் இப்புடி நோகுது, நம்மதான் ஒடம்பு வளைக்காத சோம்பேறி போலன்னு இருபது வருசமா எம்மேலயே கோவமா இருந்தேன் நானா. அந்தக் கோவத்தத்தான் ஒங்க கடையில வந்து கொட்டியிருக்கேன்."

நஜீப் நானா உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அக்கா அதில் உட்கார்ந்து, அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கால் போன அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.